வெள்ளைப் பலகையைக் காத்த எகாஷிரா ஸுமியே அம்மையாருக்கு

ஆரியாகே கடலோரம், மினாசே ஒளியளவை நிலையத்தில் முப்பத்தேழு ஆண்டுகள் பணியாற்றி, இம்மார்ச்சு முப்பத்தொன்றாம் நாள் ஓய்வு பெறும் தலைமைக் கருவியாளர் எகாஷிரா ஸுமியே அம்மையார் அவர்களுக்கு, நிலையத்தார் கூடி எழுதி, மீனவர் கூட்டுறவு மண்டபத்தில் வாசித்தளிக்கும் மடல்.

கடலைக் கண்ணாலும் கருவியாலும் கற்ற பெருமாட்டியீர்,
வானில் பறந்து வலையின் வாட்டம் அறிந்த வித்தகரே,
பாசியின் கருமை கரையுமுன் கண்டு கரைக்குச் சொன்ன காவலரே,
சிவப்புப் பென்சிலின் செல்வியீர், வணக்கம்.

நான்கு விளிகளில் மூன்றைத் தாங்கள் அடித்துவிடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் எழுதிய அறிக்கைகளில் "மிகச் சிறந்த" என்றால் "மிக"வை அடிப்பீர்கள், "சிறந்த" என்று மட்டும் எழுதினால் "எவ்வளவு?" என்று ஓரத்தில் கேட்பீர்கள். இன்று அந்தப் பென்சிலை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டோம். தாங்கள் முன்வரிசையில் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டே ஆக வேண்டும்.

ஊர்ப்படக்கருவி உலகை மூன்று நிறங்களில் கண்டு முடித்துக்கொள்கிறது. தாங்கள் வளர்த்தெடுத்த நிறமாலைப் படக்கருவியோ, படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இருநூற்றிருபது நிறக்கூறுகளைத் தனித்தனியே பிரித்து வைக்கிறது. எந்த வலை என்பதும், அந்த வலையில் பாசி எப்படி இருக்கிறது என்பதும் விமானத்தின் ஒரே பறப்பில் கைக்கு வருகின்றன; ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கடலில் விரித்த வலைகளில் உணவுக்காக வளர்க்கும் நோரிப் பாசி, கண்ணுக்குக் கருகருவென்று தெரியும்போதே, சத்துக் குறைந்த நீரில் வெளிறத் தொடங்கியிருப்பதை ஐந்தாறு நாள் முன்னதாகவே அது சொல்லிவிடும். வெளிறுமுன் அறுத்தால் விருந்துக்கு ஆகும். வெளிறியபின் அறுத்தால் மாட்டுக்குக்கூட ஆகாது.

ஆனால் அந்தக் கருவிக்கு வெண்மை எதுவென்று யாராவது முதலில் காட்ட வேண்டும். அதற்காகவே பறப்புக்கு முன் ஓடுபாதை வெயிலில், விரித்த செய்தித்தாளில் பாதி அகலமுள்ள ஒரு வெள்ளைப் பலகையை அதன்முன் பிடிக்கிறோம். அந்தப் பலகையை அளவாகக் கொண்டே கடல், வலை, பாசி எல்லாவற்றின் நிறமும் தீர்மானமாகிறது. தாங்கள் ஒருநாளும் அதை வெறுங்கையால் தொட்டதில்லை. பார்வையிட வந்த மாகாண அதிகாரி ஆசையாகக் கை நீட்டியபோது, "ஐயா, உங்க கை நல்ல கைதான். ஆனா காலையில பொரிச்ச மீன் தின்ன கை" என்று பெட்டியை மூடியதை அவரும் மறக்கவில்லை, நாங்களும் மறக்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு பறப்புகள். அவற்றுள் இருபத்தொன்றில் வாந்தி. ஒன்றில் மட்டும், அது பனிமூட்டத்தில் தரையிறங்கியபோது, தாங்கள் கடவுளைக் கூப்பிட்டதாக விமானி சொல்கிறார்; தாங்கள் மறுக்கிறீர்கள். தங்கள் சொல்லால் உரிய நாளில் அறுத்துப் பிழைத்த வலைகளின் தொகையை இங்கே எழுத நினைத்தோம். அது கூட்டுறவுச் சங்கத்தாருக்கே தெரியும். அவர்களே இங்கு அமர்ந்திருக்கிறார்கள்.

இனி, மடலின் மரபை விட்டு வெளியே வருகிறோம்.

இந்நிலையத்தில் வழியனுப்பு மடல் எழுதுவது துணைத் தலைவர் ஷிமோமுரா யசுனோரியின் வேலை. நிர்வாகப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள்; இது அவர் எழுதும் ஒன்பதாவது மடல். முந்தைய எட்டையும் ஆளுக்கு ஒரு மாலை வீதம் எழுதி முடித்தவர், இதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். முதல் வரைவில் "மாசறு பணி" என்று எழுதினார். எழுதிய கை அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் தங்கள் பணியில் ஒரு மாசு உண்டு என்று இந்த ஊரே நம்புகிறது. அந்த மாசு தங்களுடையதல்ல என்பது தமக்கு மட்டுமே தெரியும் என்று அவர் எண்ணியிருந்தார்.

மினாசேத் துறையில் நம்பிக் கெடுவதற்கு "எகாஷிரா ஜனவரி" என்று பெயர். வானிலை பொய்த்தாலும் அதுதான். சம்பந்தி வீட்டார் வாக்குத் தவறினாலும் அதுதான். பந்தயப் படகு கடைசியில் கோட்டை விட்டாலும் அதுதான். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அதன் கதை தெரியாது. தங்கள் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். தாங்களும் சிரித்து வைத்திருக்கிறீர்கள். தாங்கள் நாளை வீட்டுக்குப் போய்விடலாம், அந்தச் சொல் போகாது. அதைத் தங்கள் பெயரிலிருந்து கழற்றாமல் தங்களை வழியனுப்பினால், இந்தப் பூங்கொத்துக்கும் மடலுக்குப் போட்ட கண்ணாடிச் சட்டத்துக்கும் பொருளே இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறோம். பாராட்டு மடலில் பேச்சு வருவது வழக்கமில்லைதான். ஆனால் அன்று பேசியவர்களின் வாய்ச்சொல்லுக்கு நாங்கள் இலக்கணச் சட்டை மாட்டப் போவதில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் இருபத்தெட்டு, ஆண்டிறுதித் துப்புரவு நாள். பழைய அழுக்கோடு புத்தாண்டுக்குள் நுழையக் கூடாது என்பதால், அன்று நிலையத்தில் பெரியவர் சிறியவர் கிடையாது. தலைவர் கழிப்பறை தேய்த்தார். கணினிப் பிரிவினர் சன்னலில் தொங்கினார்கள். தாங்கள் எஞ்சின் சோதனைக்காக விமானத் தளத்துக்குப் போயிருந்தீர்கள். கருவி அறை ஷிமோமுராவின் பங்குக்கு வந்தது.

அவரைப் பற்றி இந்த மண்டபத்துக்குத் தெரியாததில்லை. அவர் சட்டையைப் போல் வெள்ளைச் சட்டை இந்தக் கடற்கரையில் இன்னொன்று கிடையாது. மனைவிகூடத் தொட முடியாதபடி தம் சட்டையைத் தாமே வெளுப்பார். யூசு எலுமிச்சை மணக்கும் அந்தச் சலவைத் தூளை ஒரு டப்பாவில் அலுவலகத்திலும் வைத்திருப்பார். மை தெறித்தால் உடனே அலச வேண்டுமாம். அப்படிப்பட்டவர் அன்று அலமாரியைத் திறந்தபோது, பெட்டிக்குள் வெள்ளைப் பலகையின் ஒரு மூலை இலேசாகச் சாம்பல் பூத்திருந்தது. புத்தாண்டுக்கு இதுவா என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

வெறுங்கையால் தொடக் கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரியும், கையுறை போட்டுக்கொண்டார். வெதுவெதுப்பான நீரில் தூளைக் கரைத்து, பலகையை அரைமணி நேரம் ஊறவைத்து, ஐந்து தண்ணீர் அலசி, சுத்தமான துணிமேல் நிழலில் காயவைத்துப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். பலகை பளிச்சென்று இருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனிதர் அவர். அந்த ஆண்டு தாம் செய்த உருப்படியான வேலை இதுதான் என்று அன்று அவர் நினைத்துக்கொண்டதை இப்போது ஒப்புக்கொள்கிறார்.

ஜனவரி ஆறாம் நாள் விமானம் பறந்தது. ஏழாம் நாள் இதே மண்டபத்தில் தாங்கள் சொன்னீர்கள்: "நிறம் நல்லா இருக்கு. இன்னும் பத்து நாள் தாராளமா வளர விடலாம்." சங்கத் தலைவர் மிட்சுதாகே எழுந்து, "எகாஷிரா-சானே சொல்லிட்டாங்க. அறுப்புக் கத்திய கழுவி மாட்டுங்கப்பா, புத்தாண்டு இன்னும் பத்து நாளு" என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

ஒன்பதாம் நாள் விடுப்புத் தாள்களில் கையெழுத்து வாங்க ஷிமோமுரா தங்கள் அறைக்கு வந்தார். தாங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது பாசியை அல்ல, துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை. ஒவ்வொரு பறப்பிலும் அந்தச் சுவரையும் சேர்த்துப் படமெடுப்பது தங்கள் வழக்கம். வெறும் காங்கிரீட்டுக்கு இத்தனை மரியாதையா என்று நாங்கள் கேலி செய்ததுண்டு. "இந்த ஊர்ல நிறம் மாறாத ஆளு அது ஒண்ணுதான்" என்பீர்கள்.

"ஷிமோமுரா-சான், இங்க வாங்க. சுவத்துக்கு மஞ்சக் காமாலை வந்திருக்கு."

"அதுக்கும் வயசாவுதுல்ல?"

"போன மாசம் வரைக்கும் வயசாகலையே. காமாலை சுவத்துக்கு இல்லீங்க. பாக்கிற நமக்குத்தான்."

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். கருவியின் கண்ணில் கோளாறில்லை என்று ஒரு மணி நேரத்தில் உறுதியாயிற்று. அடுத்து, பலகையையும், அலமாரியின் அடித்தட்டில் பிரிக்காமல் இருந்த மாற்றுப் பலகையையும் எடுத்துக்கொண்டு இருட்டறைக்குப் போனீர்கள். ஷிமோமுராவும் பின்னால் வந்தார். புறஊதா விளக்கைப் போட்டதும் மாற்றுப் பலகை சும்மா இருந்தது. கழுவிய பலகை நீலமாய்ப் பூத்தது.

வெளுத்த துணிக்கு நீலம் போடுவதைப் போன்றதுதான். சலவைத் தூளில் கலந்திருக்கும் ஒரு பொருள், கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுத்துச் சட்டையின் பழுப்பை மறைக்கிறது. அது பலகையின் நுண்துளைகளுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. இல்லாத நீலத்தைப் பலகை காட்டவே, மற்ற எல்லாவற்றிலும் நீலம் குறைவாக இருப்பதாகக் கணக்கு வந்தது. வெளிறும் பாசி நீல ஒளியைத்தான் கூடுதலாகத் திருப்பியனுப்பும். அந்த அடையாளத்தைப் பலகையின் பொய் விழுங்கிவிட்டது. தாங்கள் இதைச் சொல்லச் சொல்ல, ஷிமோமுராவின் சட்டையும் அதே விளக்கில் அதே நீலத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதை அவர் பார்த்தார். தாங்கள் பார்த்தீர்களா என்பது அவருக்குத் தெரியவில்லை.

மாற்றுப் பலகையை வைத்துத் திருத்திக் கணக்கிட்டால், மேற்குப் பகுதி வலைகளுக்கு இரண்டே நாள்தான் மிச்சம். அப்போதைய தலைவர் பதறிப்போனார். "கடல் நிலை மாறிடுச்சுன்னு புதுசா ஓர் அறிக்கை விட்டுடுவோம். ஏப்ரல்ல நீங்கதான் இந்த நாற்காலிக்கு வரணும், அதையும் யோசிங்க" என்றார்.

"கடல் மாறலையே ஐயா. நாமதான் தப்பாப் பாத்தோம். இன்னைக்குக் கடல் மேல பழியப் போட்டா, நாளைக்கு நெசமாவே கடல் மாறுறப்ப நம்ம பேச்ச யாரு கேப்பா?"

மறுநாள் காலை எட்டு மணிக்கு இங்கே நின்றீர்கள். வரைபடத் தாள்களைச் சுமந்துகொண்டு ஷிமோமுரா தங்களுக்கு இரண்டடி பின்னால் நின்றார். மிட்சுதாகே மேசையைத் தட்டிக் கேட்டார்: "பத்து நாளு பொறுங்கன்னு சொன்ன வாயி, இன்னைக்கே அறுங்கன்னு சொல்லுது. யாரு பண்ணின வேலை இது? அந்த ஆளக் காட்டுங்க."

ஷிமோமுரா வாயைத் திறந்தார். அதற்குள் தாங்கள் சொல்லிவிட்டீர்கள்: "கருவி என் பொறுப்பு, தப்பும் என்னோடதுதான். என்னத் திட்ட வருசம் பூரா இருக்கு, மிட்சுதாகே-சான். மேக்கு வலைக்கு இன்னைக்கும் நாளைக்கும்தான் இருக்கு."

ஷிமோமுரா வாயை மூடிக்கொண்டார். அந்த வாய் இன்றுதான் மறுபடி திறக்கிறது. பலகையைக் கழுவியவர் அவர். இந்த மடலை இப்போது தங்கள் முன் நின்று வாசித்துக்கொண்டிருப்பவரும் அவரே.

அன்று படகுகள் உடனே இறங்கின. பெரும்பாலான வலைகள் பிழைத்தன. மூன்று குடும்பங்களின் பாசி மட்டும் வெளிறிப்போயிற்று. மிட்சுதாகேயின் வலையும் அதில் ஒன்று. நம் பறப்புகள் ஒரு பருவம் நிறுத்தப்பட்டன. ஏப்ரலில் அந்த நாற்காலிக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். அதன்பின் இரண்டு முறை அது காலியானபோதும் தங்கள் பெயர் எழவே இல்லை. தாங்கள் முகம் சுளித்து நாங்கள் கண்டதில்லை. ஆனால் சுளிக்காத முகத்தைப் பார்த்துக்கொண்டு பதினோரு ஆண்டு ஒரே கூரையின்கீழ் வேலை செய்வது எவ்வளவு கடினம் என்பதை ஷிமோமுராவைக் கேட்டால் சொல்வார்.

தவறு நடந்த இடத்திலேயே தாங்கள் ஒரு வழக்கத்தை நட்டீர்கள். ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் இரண்டு பலகைகளையும் விளக்கின்கீழ் வைக்க வேண்டும். மீனவர் ஒருவர் கூட நின்று பார்க்க வேண்டும். முதல் நாள் மிட்சுதாகேயே வந்தார், குற்றம் கண்டுபிடிக்க. கைகளைக் கட்டிக்கொண்டு, "எங்க, உங்க வெள்ளையக் காட்டுங்க பாப்போம்" என்றார். மூன்றாம் பறப்புக்கு வீட்டிலிருந்து தேநீர்க் குடுவை கொண்டுவந்தார். இப்போது அவரில்லாமல் விமானம் எழுவதில்லை. சென்ற குளிர்காலத்தில் கிழக்கு வலைகள் வெளிறப் போகின்றன என்று தாங்கள் சொன்னபோது, ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பிற்பகலுக்குள் கத்திகள் இறங்கிவிட்டன. பொய் சொல்லாத கருவியை எங்கும் வாங்கலாம். தன் பொய்யைத் தானே ஒப்புக்கொண்ட நிலையம் இந்தக் கரையில் இது ஒன்றுதான். அந்த நம்பிக்கையின்மேல்தான் இந்த ஆண்டு இரண்டாவது கருவி வருகிறது. மிட்சுதாகேயின் மகள் அதை இயக்கப் பயிற்சி பெறுகிறார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதை நாங்கள் வேடிக்கை என்றே நினைத்திருந்தோம். அந்த ஆண்டுக்குப் பின் ஒவ்வொரு துப்புரவு நாளிலும், பலகைப் பெட்டியைத் தாங்கள் ஷிமோமுராவின் கையில் கொடுத்து, "நாங்க துடைக்கிற வரைக்கும் இதப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க. கீழ வைக்காதீங்க" என்பீர்கள். நாங்கள் முழங்கால் தேய்ந்து தரை துடைக்க, அவர் வெள்ளைச் சட்டையோடு நடுக்கூடத்தில் சாமி சிலை போல நிற்பார். துணைத் தலைவர் என்பதால் சலுகை என்று நாங்கள் முணுமுணுத்தோம். அவரும் அப்படியே நினைத்தார்.

இந்த மாதம் இரண்டாம் வாரம், பறப்புகளின் எண்ணிக்கையை எடுப்பதற்காகக் கருவி அறையின் பழைய குறிப்பேடுகளை ஷிமோமுரா புரட்டினார். பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய ஜனவரி ஒன்பதாம் நாள் பக்கத்தில், தங்கள் சிவப்புப் பென்சிலில் நான்கு வரிகள் இருந்தன.

"வெள்ளைப் பலகை கழுவப்பட்டுள்ளது. யூசு வாசனை வருகிறது. கழுவியவர் ஒழுங்காகக் காயவைத்திருக்கிறார். அடுத்த துப்புரவு நாளிலிருந்து பெட்டியை ஷிமோமுரா-சான் கையில் கொடுக்க வேண்டும்."

மண்டபத்தில் "தப்பும் என்னோடதுதான்" என்று தாங்கள் சொன்னது பத்தாம் நாள். இது ஒன்பதாம் நாள் எழுதியது. பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதை ஊர் முட்டாள்தனம் என்கிறது. தாங்கள் தெரிந்தே வைத்தீர்கள், பதினோரு முறை. பூனையும் தான் காவலுக்கு வைக்கப்பட்டது என்று தெரியாமலே பாலைக் காத்து நின்றது. தம்மை இத்தனை ஆண்டு ஒருவர் நம்பினார் என்பது தெரிந்தபோது அவர் அழுதார். இதை எழுத வேண்டாம் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டார். பன்னிருவரில் பதினொருவர் எழுத வேண்டும் என்றதால் எழுதினோம்.

மிட்சுதாகே-சான், சங்கத்துப் பெரியோர்களே, ஏப்ரல் ஒன்றாம் நாள் முதல் நிலையத் தலைவராக ஷிமோமுராவின் பெயர் முன்மொழியப்பட்டிருப்பது தங்களுக்குத் தெரியும். இதைக் கேட்டபின் அவரை ஏற்பதும் விலக்குவதும் தங்கள் கையில். எதுவானாலும் அவர் தலைவணங்குவார். ஒரே ஒரு வேண்டுகோள்: இன்று முதல் இத்துறையில் நம்பிக் கெட்டவர்கள் "ஷிமோமுரா ஜனவரி" என்று சொல்லட்டும். அந்தச் சொல்லுக்கு உரியவர் வந்துவிட்டார், எகாஷிராவை விட்டுவிடுங்கள்.

அம்மையீர், தங்கள் கண்ணுக்குப் புரை வராதிருக்கட்டும். முழங்கால் வலி முன்வாசலோடு திரும்பிப் போகட்டும். பறக்காத விடியல்களில் போதும் போதும் என்னும் வரை தூங்குங்கள். ஆரியாகேயின் வண்டலும் வற்றும் கடலும் உள்ளளவும் தங்கள் சொல் இக்கரையில் நிற்கட்டும். அலைத்தடுப்புச் சுவர் போல் தாங்களும் நிறம் மாறாமல் நூறாண்டு நலமாக இருங்கள்.

முடிவாக ஒன்று. தங்கள் முன்னுள்ள மேசைமேல் பூக்களுக்குப் பக்கத்தில் இருப்பது பரிசுப் பொருள் அன்று, பலகைப் பெட்டி. போகுமுன் அதை எடுத்து, இனி எவர் கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, இந்த மண்டபத்தில் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். எவரானாலும் எங்களுக்குச் சம்மதம். ஷிமோமுரா இன்று சட்டையை வெறும் தண்ணீரில் அலசிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

இப்படிக்கு,
மினாசே ஒளியளவை நிலையத்தார் பன்னிருவர்,
பலகையைக் கழுவியவர் உட்பட.